உளுந்து ஒரு கடினப் பொருள்

போன வாரம் நான் ஒரு கம்ப்யூட்டரிடம் சாப்பிட்டாயா என்று விசாரித்தேன். ஒளித்துப் பயனில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, உங்களுக்கும் தெரிந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது.

மிக்ஸி ஓடவில்லை என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டிருந்தேன். தமிழில் பேச ஓர் எண்ணை அழுத்தச் சொன்னார்கள். ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழில் சண்டை போடக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா, அழுத்தினேன். "வணக்கம், நான் பிரியா" என்றது ஒரு குரல். பதவிசான குரல். நான் எவ்வளவு எரிந்து விழுந்தாலும் அது பதிலுக்கு எரிந்து விழவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது. யார் பெற்ற பெண்ணோ, காலையிலிருந்து என்னைப் போல எத்தனை பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறதோ என்று மனசு இளகி, "ஏம்மா, சாப்டியா?" என்றேன். "மன்னிக்கவும், உங்கள் பதில் புரியவில்லை. மாடல் எண்ணைச் சொல்லவும்" என்றாள் பிரியா. மேலதிகாரி பக்கத்தில் நிற்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, குரலைத் தாழ்த்தி, "சரி, எந்த ஊரும்மா நீ? தஞ்சாவூர்ப் பக்கமா?" என்று கேட்டேன்.

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அது கம்ப்யூட்டருங்க. கல்யாணமாகி இத்தன வருஷத்துல என்னை ஒரு நாள் கேட்டிருப்பீங்களா, சாப்டியான்னு?"

இதைவிடப் பெரிய அசட்டுத்தனம் ஒன்று இருக்கிறது. அந்த மிக்ஸியை நான் வாங்கியதே அதன் மேல் ஒட்டியிருந்த பெயருக்காக. என் முதல் வேலை அந்தப் பெயருள்ள கம்பெனியில்தான். கம்பெனி செத்து வெகுகாலமாகிறது. யாரோ பெயரை மட்டும் விலைக்கு வாங்கி, எங்கேயோ செய்த சாமானின் நெற்றியில் ஒட்டி விற்கிறார்கள். இது தெரிந்தே, போனில் அந்தப் பழைய எழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கி வாங்கினேன். கண் கலங்கும்போது எதையும் வாங்கக் கூடாது.

போனது ஒரு கப்ளர். ஜாருக்கு அடியில், மோட்டாரின் தலையில், பல் பல்லாக ஒரு ரப்பர் வில்லை இருக்குமே, அதுதான். தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு போட வேண்டும், அவ்வளவே. ஆனால் இந்த மாடலுக்கு உதிரிபாகங்கள் கிடையாது, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கினால் தள்ளுபடி உண்டு என்று பிரியா அதே பதவிசோடு சொன்னாள். நான் வீம்புக்குப் பழைய செருப்பிலிருந்து ரப்பர் வெட்டிப் பசை போட்டு ஒட்டி ஓட்டினேன். மோட்டார் ஒரு முறை முனகியது. பிறகு புகை வந்தது.

அந்தப் புகையின் நெடி இருக்கிறதே, செம்புக் கம்பிமேல் பூசிய வார்னிஷ் தீய்கிற நெடி, அதை முகர்ந்ததும் நான் மௌலாலிக்குப் போய்விட்டேன். அங்கிருந்த எங்கள் பழைய கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் தினமும் பத்து மிக்ஸியையாவது வேண்டுமென்றே அப்படி எரிய விடுவார்கள். ஊற வைத்த உளுந்தைப் போட்டு, மோட்டார் சாகிற வரைக்கும் ஓட்டிப் பார்ப்பது. அங்கே வேலை செய்கிறவர்களின் சட்டையில் வார்னிஷும் உளுந்தும் கலந்த ஒரு வாசனை எப்போதும் இருக்கும். மத்தியானம் கேண்டீனில் வடை போட்டால் அது எந்த மிக்ஸியின் உயிர்த்தியாகம் என்று விசாரித்துவிட்டுத்தான் சாப்பிடுவோம்.

நான் கும்பகோணத்திலிருந்து பி.காம். சான்றிதழோடும் இரண்டு பேண்ட்டோடும் வந்து அங்கே புகார்ப் பிரிவில் சேர்ந்தேன். என் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் இருந்தது, புகார் சொல்ல வருகிறவர்கள் யாரும் ஆங்கிலத்தில் திட்டுவதில்லை என்பது ஒன்றுதான் குறை. தெலுங்கில் திட்டினார்கள், உருதுவில் திட்டினார்கள். இரண்டும் புரியாததால் நான் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். மிகவும் பொறுமைசாலி என்று பெயர் வந்தது.

எனக்கு அடுத்த அறை உதிரிபாகப் பிரிவு. அங்கே ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு உயரமான ஸ்டூல், ஸ்டூலின் மேல் எஸ்தர் அக்கா. அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்த குடும்பம். லாலாகூடா ரயில்வே காலனியில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பாள், ஆமாம் என்பதற்கு ஹவ் என்பாள், ஏன் என்பதற்குக் கைக்கு என்பாள். இதெல்லாம் தமிழ்தான் என்று சத்தியம் செய்யவும் தயார். என் பெயர் அவளுக்குக் கடைசி வரைக்கும் கும்பகோணம்.

அந்தப் பிரிவு பழைய முதலாளியின் பிடிவாதம். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து விற்ற எந்த மாடலுக்கும் சாமான் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது அவர் சட்டம். சனிக்கிழமை இலவச சர்வீஸ். செகந்திராபாத்திலிருந்தும் மல்காஜ்கிரியிலிருந்தும் பெண்கள் மிக்ஸியைத் துண்டில் சுற்றி, காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வருவார்கள். எஸ்தர் அக்கா ஒவ்வொருவரிடமும் இதில் என்ன அரைத்தாய் என்று கேட்பாள். சொன்னால் நம்ப மாட்டாள். அதனால் வாடிக்கைக்காரிகள் அரைத்ததில் ஒரு டப்பா கொண்டுவரும் வழக்கம் ஏற்பட்டது. கோங்கூரா என்கிற புளிச்சகீரைத் தொக்கு, பருப்புப் பொடி, இஞ்சிப் பச்சடி. லஞ்சமில்லை, சாட்சியம். சனிக்கிழமை மத்தியானங்களில் சாட்சியங்களை விசாரிக்க நானும் சோற்றோடு அந்த அறைக்குப் போய்விடுவேன்.

அவளைப் பற்றி மிகையாகச் சொல்ல விருப்பமில்லை. வாய்க்குப் பஞ்சமில்லாத ஆள். பல சமயம் தப்பான வாஷரை எடுத்துக் கொடுத்துவிட்டு, "சாமான் சரிதாம்மா, ஒன் ஜாருதான் சரியில்ல" என்று சாதிப்பாள். கணவர் கிடையாது. ஷீலா என்று ஒரு மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளை எஞ்சினீயர் ஆக்கிவிட வேண்டும், தான் ஓய்வு பெறும் வயது வரை அங்கேயே இருந்துவிட வேண்டும். எஸ்தர் அக்காவின் வாழ்க்கைத் திட்டம் மொத்தமும் இவ்வளவுதான். "அம்பத்தெட்டு வரைக்கும் இந்த ஸ்டூல விட்டு எவனும் என்னை எழுப்ப முடியாது, பாரு" என்பாள், யாரும் எழுப்ப முயலாதபோதே.

நாடு கதவைத் திறந்துகொண்டிருந்த காலம் அது. இறக்குமதி வரி குறைகிறது, வெளிநாட்டு மூலதனம் வருகிறது என்று தினமும் செய்தி. நான் எக்கச்சக்கமாகப் பத்திரிகை படித்து, டீக்கடையில் எஸ்தர் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் பொருளாதார வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். போட்டி வந்தால் தரம் உயரும் என்றேன். போட்டி என்றால் இரண்டு பேர் ஓடுவார்கள், வேகமாக ஓடுகிறவன் ஜெயிப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருத்தன் ஓடாமலே அடுத்தவனுடைய காலை விலைக்கு வாங்கிவிடலாம் என்பது நான் படித்த பத்திரிகைகளில் வரவில்லை.

பழைய முதலாளி இறந்தார். மகன்கள் ஓர் ஐரோப்பியக் கம்பெனியோடு கூட்டு என்று அறிவித்தார்கள். ஜெனரல் மேனேஜர் ராவ் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். அங்கிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று சுவருக்கு வெள்ளையடித்தோம். மெஷின்களில் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் மாதாவையும் மெக்கா படத்தையும் ஒரே பெட்டியில் போட்டு ஸ்டோரில் வைத்தோம். மொழிபெயர்க்க என்னை நியமித்தார்கள். அதிகாரி போக வேண்டிய வழியைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறித்தபோதுதான் அந்தக் கோடு உதிரிபாக அறைக்குப் போகவில்லை என்பதை எஸ்தர் அக்கா கண்டுபிடித்தாள்.

நேரே ராவின் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன், வேடிக்கை பார்க்க.

"என் செக்‌ஷன கைக்கு சார் காட்டல?"

"டைம் லேது எஸ்தரம்மா. அது பழைய சாமான் ரூம். அவர் புது மெஷின் பாக்கறதுக்கு வர்றார்."

"மெஷினு அவரு ஊர்லயே கெடக்கும் சார். இந்த மாதிரி செக்‌ஷன் கெடக்குமா? நாப்பது மாடலுக்குச் சாமான் வெச்சிருக்கிற கம்பெனி வேற எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

ராவ் யோசித்தார். என்னைப் பார்த்தார். நான் பலமாகத் தலையாட்டினேன். நாங்கள் யாரும் வேறு மாதிரி நினைக்கவில்லை. அது கம்பெனியின் கிரீடம் என்றுதான் அத்தனை பேரும் நம்பினோம். வெளிநாட்டுக்காரர் அதைப் பார்த்தால் அசந்து போவார் என்று சுண்ணாம்புக் கோட்டை இழுத்து அந்த ஜன்னல் வரைக்கும் நீட்டினோம்.

அசந்துதான் போனார். உயரமான, மரியாதையான மனிதர். யாரோ சொல்லிக் கொடுத்து, பார்ப்பவர்களுக்கெல்லாம் நமஸ்தே சொல்லிக்கொண்டு வந்தார். எஸ்தர் அக்கா பட்டுப் புடவையில் ஸ்டூலின் மேல் இருந்தாள். முன்னால் ஒரு கிழட்டு மிக்ஸி. கம்பெனியின் முதல் வருஷத்து மாடல், மல்காஜ்கிரி அம்மாள் ஒருத்தியிடம் இரவல் வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு பாகமாக, எது எப்போது மாற்றியது என்று விளக்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். கிழம் கர்ஜித்தது. அதிகாரி குழந்தை மாதிரி சிரித்து, படம் எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம், இந்த மிக்ஸியின் சொந்தக்கார அம்மையார் இதற்கப்புறம் வேறு மிக்ஸி வாங்கினாரா என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன்.

"கைக்கு வாங்கணும்? நான் ஒருத்தி இங்க இருக்கேன்ல" என்றாள் எஸ்தர் அக்கா.

அதையும் என் சிறந்த ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அதிகாரி மறுபடி சிரித்தார். ராவ் சிரித்தார். எல்லோரும் கைதட்டினோம். புது மெஷின்களைப் பார்த்ததைவிட அந்தச் சின்ன அறையில்தான் அவர் அதிக நேரம் நின்றார் என்று சாயங்காலம் டீக்கடையில் பேசிப் பேசி மாய்ந்தோம்.

முதலில் மூடியது அந்த அறையைத்தான்.

இப்போது யோசித்தால் இதில் வில்லத்தனம் ஒன்றுமில்லை. அந்த மனிதரின் தொழில் மிக்ஸி விற்பது. ஒரு வீட்டில் ஒரு மிக்ஸி தலைமுறைக்கும் ஓடும் என்று நாங்கள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பெருமையடித்தால் அவர் என்ன செய்வார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது அவருடைய கணக்கில் விரயமாக இருந்தது. ராணிகஞ்சிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் வேனோடு வந்தார். பித்தளை தனி, ரப்பர் தனி, எடைக்கு. எஸ்தர் அக்கா கூடவே நடந்து, "அந்தப் பொட்டி நக்கோ பாய், அது பழைய மாடல் வாஷரு, கலந்துட்டா கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நல்லவர். "ரப்பர் எல்லாம் ஒரே ரேட்டுதான் அம்மா" என்று ஆறுதலாகச் சொன்னார்.

அவளை என் பிரிவுக்கு மாற்றினார்கள். ஸ்டூலையும் கொண்டுவந்து என் மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் புது மாடல் வந்தது. பார்க்க அழகு. சத்தமே வராது. ஆனால் உளுந்தைப் போட்டால் அரை நிமிஷத்தில் தானாக நின்றுவிடும். களைப்பாறிய பிறகு மறுபடி அரை நிமிஷம் ஓடும். பாலும் பழமும் அடிக்கிற ஊரில் வடிவமைத்த சாமான். அதற்கு உளுந்தை யாரும் அறிமுகப்படுத்தி வைக்கவில்லை. உத்தரவாத அட்டையில், கடினப் பொருட்களை அரைத்தால் கம்பெனி பொறுப்பல்ல என்று ஒரு வரி இருந்தது. ஊற வைத்த உளுந்து கடினப் பொருள் என்று ஹைதராபாத் பெண்களுக்கு விளக்குவது என் வேலை. தெலுங்கு எனக்கு நன்றாகப் புரிய ஆரம்பித்தது அப்போதுதான்.

நாங்கள் மேலிடத்துக்கு எழுதினோம். வாடிக்கையாளர்களின் அரைக்கும் பழக்கத்தை மாற்றப் பயிற்சி கொடுக்கலாமே என்று பதில் வந்தது. கூடவே வழவழவென்று ஒரு சமையல் புத்தகம். அட்டையில் ஸ்ட்ராபெரி. எஸ்தர் அக்கா அதை நெடுநேரம் பார்த்தாள்.

"இது என்ன பழம் கும்பகோணம்?"

"ஸ்ட்ராபெரிக்கா. ஐஸ்கிரீம்ல வருமே."

"ஐஸ்கிரீம்ல கலருதானடா வரும். இதுக்கு நம்ம ஊர் மிக்ஸிய கொன்னானா?"

அதற்கப்புறம் நடந்தது வேகம். அந்த வேகத்தைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மோட்டார் வெளியிலிருந்து வருகிறது என்றார்கள். உடனே லாலாகூடாவில் வீட்டிலிருந்தபடியே செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை இல்லை. ஜாரும் வெளியிலிருந்து வருகிறது என்றார்கள். ஆசாமாபாத்தில் எங்களுக்கு மட்டுமே மூடி வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த பட்டறை போயிற்று. பிறகு மிக்ஸியே வெளியிலிருந்து வருகிறது என்றார்கள். எங்களுக்கு மிச்சமிருந்தது அட்டைப்பெட்டி ஒட்டுவது. அதையும் ஒரு நாள் நிறுத்தினார்கள். புகார்களை வேறு ஊரில் போனில் கேட்டுக்கொள்வதாகச் சொல்லி, எங்கள் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்தார்கள். யாருடைய விருப்பம் என்று எஸ்தர் அக்கா ராவிடம் கேட்டாள். அவருக்கும் அதே தொகைதான், கொஞ்சம் கூடுதல்.

அப்போது அவளுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஷீலா பன்னிரண்டாம் வகுப்பு. எஸ்தர் அக்கா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெளியே எடுத்துப் போகக் கேட் பாஸ் வேண்டும் என்றான் காவல்காரன். கேட் பாஸில் கையெழுத்துப் போடுகிறவரை முந்தின வாரமே விருப்பத்தோடு ஓய்வு பெற வைத்திருந்தார்கள். ஸ்டூலை வாசலிலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

எனக்கு ஆங்கிலம் இருந்தது, விளம்பரக் கம்பெனி ஒன்றில் ஒட்டிக்கொண்டேன். அங்கே வேறு கம்பெனிகளின் மிக்ஸிக்கு விளம்பரம் எழுதினேன். எஸ்தர் அக்கா ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போனாள், வீட்டில் ஊறுகாய் போட்டு விற்றாள், வந்த தொகை முழுவதையும் ஷீலாவின் எஞ்சினீயரிங் கல்லூரியில் கொண்டுபோய்க் கட்டினாள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

நான் உலகத்துக்கு விரோதியில்லை. இந்தக் கட்டுரையைத் தட்டுகிற கம்ப்யூட்டர் எங்கேயோ செய்தது. போன் இணைப்புக்கு வருஷக்கணக்காக வரிசையில் நின்ற காலத்தை யாரும் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். என் எரிச்சல் வேறு. இப்போது பணக்கார நாட்டுக்காரர்களாக இருப்பவர்களில் பலர் தங்கள் பட்டறைகள் வளர்ந்து ஆளாகிற வரைக்கும் கதவை இழுத்துச் சாத்தி வைத்திருந்தார்கள். நம்மைப் போன்றவர்களிடம் வந்தபோது கதவைத் திறக்கச் சொல்லவில்லை, கழற்றச் சொன்னார்கள். நாமும் கழற்றி, கீலுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தோம். மௌலாலியில் எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. மிக்ஸி செய்த இடத்தில் மிக்ஸி வந்து இறங்குகிறது, அட்டைப்பெட்டி உள்பட. நகரம் முழுக்கத் தேடினாலும் பழைய கப்ளருக்கு ஒரு ஜன்னல் கிடையாது. சனிக்கிழமை மத்தியானங்களின் அந்த இஞ்சிப் பச்சடியும் கிடையாது. கெட்டுப்போன ஒரு சாமானை எடுத்துக்கொண்டு போய் ஒரு மனுஷியிடம் திட்டு வாங்குகிற வசதிகூட இல்லாமல் போயிற்று.

புகை அடங்கியபின் மிக்ஸியைப் பரணில் போட்டுவிட்டு இதை ஒரே மூச்சில் எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை, ஐ.டி. கம்பெனிகள் மண்டிய கச்சிபௌலிக்குப் போனேன். எஸ்தர் அக்கா இப்போது ஷீலாவோடு அங்கே ஒரு பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறாள். ஷீலாவுக்கு அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் நல்ல சம்பளம். அதுவும் திறந்த கதவு வழியாக வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் தன் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள். அவள் வேலையை வேறு ஏதோ நாட்டுக்கு மாற்றப் போகிறார்களாம், அங்கே இன்னும் மலிவாம். "என்னிக்கு மெயில் வரும்னு தெரியல அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எஸ்தர் அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. குரல் மட்டும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வருகிற அதே குரல். அவளுக்குக் கட்டுரை முழுவதையும் ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினேன். கதவைக் கழற்றிய வரியில் ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்தேன். அவள் ஷீலாவின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "என் பேர போட்டிருக்கியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, மாத்திட்டேன். எஸ்தர்னு வெச்சிருக்கேன்."

"எஸ்தரா. பரவால்ல, நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "பேர மாத்தினவன், அப்படியே அம்பத்தெட்டு வரைக்கும் நான் அங்கதான் இருந்தேன்னும் எழுதிட வேண்டியதுதான? ஒனக்கென்ன, காசா பணமா."